மணி அடித்தால் பாட்டு முடிந்துவிடுமா?

சிறுவர்களுக்கான பாட்டுப் போட்டிகளில் மிருதங்கம் வாசிக்கப் போகிறேன். ஐந்து நிமிடம் ஆனதும் மணி அடிக்கிறார்கள். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் பாடி முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டால் மதிப்பெண் தாளில் ‘உருப்படி முழுமை’, அதாவது பாட்டு முழுதாகப் பாடப்பட்டது என்ற கட்டத்தில் குறி விழுகிறது. சேலத்தில் எத்தனையோ மேடைகளில் இந்தக் குறி விழுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதை நான் ஏற்கவில்லை. மூச்சு வாங்க ஓடி முடிந்த அந்தப் பாட்டில் மூன்று அங்கங்களும் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஒரு கீர்த்தனை பாடப்படவில்லை.

நடத்துகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒரே பதில் வருகிறது. “அமைப்பு, பாட்டையும் மெட்டையும் ஆக்கிய வாக்கேயக்காரர் தந்தது. விரித்துப் பாடுவது பாடகரின் கற்பனை. குழந்தைகளிடம் அமைப்பை மட்டும்தானே எதிர்பார்க்க முடியும்?” இசையை மதிக்கிறவர்கள், கைக்காசு போட்டுப் போட்டி நடத்துகிறவர்கள் சொல்லும் பதில் இது. அதனால்தான் ஒரு வரியில் மறுத்துவிடாமல் விரிவாக எழுதுகிறேன். நம் இசையில் அமைப்பு என்பது பாடும்போதுதான் உண்டாகிறது. ஸ்வரக்குறிப்புப் புத்தகத்தில் இருப்பது அதற்கு வழி சொல்லும் குறிப்பு மட்டுமே.

தியாகராஜரின் கீர்த்தனை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவியின் முதல் வரி முதலில் எளிமையாக வருகிறது. அடுத்த சங்கதியில், அதாவது அதே வரியை மெட்டில் சற்று மாற்றிப் பாடும்போது, ஒரு சொல்லின் முனை மட்டும் கொஞ்சம் நிமிர்கிறது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஐந்தாறு சங்கதிகள் போவதற்குள் எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) எங்கே விழுகிறது, வரி எங்கே இளைப்பாறுகிறது என்பதெல்லாம் கேட்கிறவர் உடம்பிலேயே பதிந்துவிடும். அதன் பிறகு அனுபல்லவி மேல் ஸட்ஜத்தை நோக்கி ஏறும்போது நிமிர்ந்து உட்காருகிறோம். பல்லவியை இரண்டே தடவை சொல்லிவிட்டு அனுபல்லவிக்குத் தாவினால், அது வெறும் அடுத்த வரி. ஏற்றம் என்று ஒன்று நடக்கவே இல்லை.

சரணத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தியாகராஜரின் பல கீர்த்தனைகளில் சரணத்தின் பின்பாதி, அனுபல்லவியின் மெட்டிலேயே வேறு சொற்களோடு வருகிறது. அந்த மெட்டு முன்பே காதில் ஊறியிருந்தால்தான் அது திரும்பி வந்திருப்பது நமக்குத் தெரியும். தெரியும்போது வருகிற நிறைவு இருக்கிறதே, அதுதான் அந்த அமைப்பின் பயன். கேட்கிறவரின் நினைவில்தான் அமைப்பு கட்டப்படுகிறது. நினைவில் ஒன்றைப் பதிக்க நேரம் வேண்டும். நேரத்தை வெட்டிவிட்டு அமைப்பு முழுமையாக இருந்தது என்று எப்படிக் குறி போடுவது? அனுபல்லவியிலிருந்து பல்லவிக்குத் திரும்பும்போது எந்தச் சங்கதியைப் பிடித்துத் திரும்புவது என்பதைக்கூடப் பாடகர் அந்த இடத்தில்தான் முடிவு செய்கிறார். அந்த ஒரு முடிவில் பாட்டின் முகமே மாறிவிடும்.

சியாமா சாஸ்திரியின் பைரவி ராக ஸ்வரஜதி இன்னொரு சான்று. மிச்ர சாபு தாளம், எட்டுச் சரணங்கள். முதல் சரணம் ஸட்ஜத்தில் தொடங்குகிறது. அடுத்தடுத்த சரணங்கள் ரி, க, ம என்று ஒவ்வொரு ஸ்வரமாக ஏறித் தொடங்கி, எட்டாவது மேல் ஸட்ஜத்தில் போய் நிற்கிறது. எழுத்துத் தெரியாதவருக்கும் காதால் புரிகிற கட்டுமானம் இது. நாட்டிய மேடைக்குரியதாக இருந்த ஸ்வரஜதியைக் கச்சேரிக்கு உரியதாக ஆக்கியவர் அவர். அப்படிப்பட்ட உருப்படியைப் போட்டியில் “இரண்டு சரணம் போதும்” என்கிறார்கள். ஏற வேண்டிய பாட்டு முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. முழுதாகப் பாடும்போது மிருதங்கக்காரனுக்கும் அந்த ஏற்றத்தில் பங்கு உண்டு. கீழ்ச் சரணங்களில் கையை அடக்கி, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஒலியைக் குறைத்து, மேலே போகப் போகத்தான் நாதத்தைத் திறக்க வேண்டும். இரண்டு சரணத்தில் எதை அடக்குவது, எதைத் திறப்பது?

அந்தக் காலத்து இசைத்தட்டில் மேதைகள் மூன்று நிமிடத்தில் பாடவில்லையா என்று கேட்பார்கள். பாடினார்கள். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான். கிட்டப்பாவும் வசந்தகோகிலமும் அதற்குள் ராகத்தின் சாயலைக் காட்டி, தேர்ந்த சில சங்கதிகளோடு பாட்டை நிறைவு செய்தார்கள். முழுப் பாட்டையும் மேடையில் பலமுறை பாடி, எதை விட்டாலும் பாட்டு நிற்கும் என்று தெரிந்தபின் செய்த சுருக்கம் அது. நம் பிள்ளைகளுக்கு முழுமையைக் காட்டாமல் சுருக்கத்தை மட்டும் கையில் கொடுக்கிறோம்.

பாட்டின் அமைப்பும் அதைப் பாடிய விதமும் பிரிக்க முடியாமல் ஒன்றாகிவிட்ட இசையும் நம் ஊரிலேயே இருக்கிறது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டிப் போகாத சேலத்துக்காரர் உண்டா? 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்தத் திரைப்பட நிறுவனத்தின் ‘மந்திரி குமாரி’ 1950இல் வந்தது. அதில் ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய ‘வாராய் நீ வாராய்’ பாட்டை இன்றும் மெல்லிசைக் குழுக்கள் வாசிக்கின்றன. இடையிசையில் ஒரு ஸ்வரம் பிசகினாலும் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். அங்கே ஒலிப்பதிவுதான் உருப்படி. அதை அச்சு அசலாகக் கொண்டுவருவதில் அந்தக் கலைஞர்களுக்கு இருக்கும் பெருமையை நான் மதிக்கிறேன். எளிதில் வருகிற வித்தை அல்ல அது. ஆனால் அந்த நியாயத்தைத் தியாகராஜர் கீர்த்தனைக்குப் பொருத்தக் கூடாது. வீட்டில் கைப்பேசியில் ஒரு வித்வானின் பதிவைக் கேட்டு, அவர் ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தையும் அவர் மூச்சு விடும் இடத்தையும்கூட அப்படியே பாடுகிற குழந்தைக்குத்தான் இப்போது முதல் பரிசு கிடைக்கிறது.

என் வாத்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. கச்சேரியில் தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு சாகித்தியம் (பாடல் வரிகள்) கிடையாது, வாக்கேயக்காரர் கிடையாது. இன்று என்ன வாசிப்பேன் என்று மேடை ஏறும்போது எனக்கே முழுதாகத் தெரியாது. ஆனாலும் அதைவிடக் கட்டான அமைப்பு வேறு எதிலும் இல்லை. பாட்டின் காலப்பிரமாணத்திலேயே சர்வலகு என்ற சீரான ஓட்டத்தில் தொடங்கி நிதானமாகப் போகிறோம். பிறகு நடை மாறுகிறது. மூன்றாக எண்ணும் திஸ்ரமோ ஐந்தாக எண்ணும் கண்டமோ வருகிறது. கடமோ கஞ்சிராவோ உடன் இருந்தால் குறைப்பு. இரண்டு ஆவர்த்தனம், ஒன்று, அரை, கால் என்று மாறி மாறிச் சுருங்கி, கடைசியில் இருவரும் சேர்ந்து பொழிகிறோம். முடிவை முன்னறிவிக்கும் மோரா விழுந்ததும் பாடகர் தொண்டையைச் சரிசெய்துகொள்கிறார். பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் தாளம் போடத் தொடங்குகிறார்கள். கோர்வை என்ற முடிவுச் சொற்கட்டு மூன்று முறை வந்து எடுப்பில் சேரும்போது பாடகர் பல்லவியைப் பிடிக்கிறார். எந்தத் தாளிலும் எழுதப்படாத ஒன்றின் முடிவு நெருங்கிவிட்டது என்று அத்தனை பேருக்கும் எப்படித் தெரிந்தது? அமைப்பு பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது என்று வாதிடுகிறவர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

இதையும் நோட்டுப் புத்தகத்தில் அடைத்துவிட்டோம். ‘ஐந்து நிமிடத் தனி’ என்று ஒன்றை எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அந்தப் பிள்ளை எந்தப் பாட்டுக்கும் அதையே வாசிக்கிறது. பாடகர் பாடியது ஒன்றரை இடம் தள்ளி எடுப்புள்ள பாட்டாக இருக்கும். கோர்வை சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழும். பாடகர் சங்கடத்தோடு அந்த இடைவெளியில் காத்திருப்பார். விரல் சுத்தம், வேகம் எல்லாம் இருந்தும், எதற்காக வாசிக்கிறோம் என்ற தொடர்பு அறுந்துபோயிருக்கிறது. குறை பிள்ளையிடம் இல்லை. பாடகரே இல்லாமல் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு தனி மட்டும் வாசிக்கச் சொல்கிற போட்டி முறையில் இருக்கிறது.

அமைப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் மண்டபத்தை விட்டு வெளியே வர வேண்டும். சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரிக்கு சாகித்தியம் இல்லை. பெரும்பாலும் கம்பீர நாட்டையில், தவிலின் சொற்களோடு பின்னிப் பிணைந்து காலம் மாறி மாறி வரும். சுவாமியைத் தூக்குகிறவர்களின் நடைக்கும் தெருவின் நீளத்துக்கும் பிறந்த இசை அது. கல்யாணத்தில் பாருங்கள். நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தில் ஆழ்ந்திருப்பார். புரோகிதரின் கை அசைந்ததும் அதை அந்த நொடியே விட்டுவிட்டுக் கெட்டி மேளம். தாலி கட்டியானதும் தொடர்கிறார். நடுவில் அறுபடுவதும் அந்த வாசிப்பின் அமைப்புதான். அதை எந்த இலக்கண நூலில் அங்கமாகச் சேர்ப்பீர்கள்?

மேட்டூர், எடப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் கூத்துதான் எனக்கு இதையெல்லாம் முதலில் உணர்த்தியது. வேஷம் நுழைவதற்கு ஒழுங்கு உண்டு. இருவர் திரை பிடிக்க, உள்ளிருந்து விருத்தம் எழுகிறது, பிறகு தரு என்ற பாட்டு, திரை விலகியதும் கோமாளியான கட்டியக்காரனின் கேள்வி. இந்த வரிசை மாறாது. ஆனால் அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை வேஷக்காரரின் தெம்பும் கூட்டத்தின் விழிப்பும் மிருதங்கக்காரரின் கையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ‘கர்ண மோட்ச’த்தில் பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் கட்டம் வருகிறது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டால் கர்ணன் அதே அடியை மறுபடியும் எடுப்பார். முகவீணை அவர் குரலை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆர்மோனியக்காரர் நிறுத்தமாட்டார். நகரத்து அரங்குகளில் இதே கூத்தை ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். திரை விருத்தம் இரண்டு அடியில் முடிந்துபோகிறது. பிழைப்புக்காக அவர்கள் அதையும் நேர்த்தியாகவே செய்து தருகிறார்கள். கேட்டவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

குழந்தைகளால் ஒரே வரியை விதவிதமாக விரிக்கும் நிரவல் பாட முடியுமா, கற்பனை ஸ்வரம் முடியுமா என்று கேட்க வேண்டாம். நான் அதைக் கேட்கவில்லை. கற்ற சங்கதிகளை அவசரமில்லாமல் வரிசையாகப் பாடட்டும், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பட்டும், சரணத்தில் பழைய மெட்டு வந்து சேரும்போது அவர்கள் முகத்தில் அது தெரியட்டும். பத்து வயதில் இது நன்றாகவே முடிகிறது. சேலத்தின் அம்மாப்பேட்டை, குகை பகுதிகளிலிருந்து வரும் என் மாணவர்கள் ஒரு பாடகியோடு உட்கார்ந்து, எடுப்பைக் காதால் கண்டுபிடித்து, சின்னக் கோர்வையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். சேர்ந்ததும் அவர்கள் சிரிக்கிற சிரிப்புக்கு எந்தக் கோப்பையும் ஈடாகாது.

இந்த ஆண்டு போட்டி நடத்தப்போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு கீர்த்தனை. அதற்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். மதிப்பெண் தாளிலிருந்து ‘உருப்படி முழுமை’ என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். மிருதங்கப் பிரிவில் ஒரு பாடகரை உட்கார வையுங்கள். எடுப்பு எது என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். நேரம் போதவில்லை என்றால் இரண்டு நாள் நடத்துங்கள். இரண்டு நாளும் வந்து வாசிக்க நான் தயார். சன்மானம் வேண்டாம்.