திம்ப்சிலாவை ஏன் டர்னிப் என்று அழைக்க வேண்டும்?

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், கனடாவின் தென்புறத்திலிருந்து டெக்சாஸ் வரை விரிந்து கிடக்கும் பெரும் புல்வெளிகளில் ஒரு கிழங்கு யாரும் விதைக்காமலே விளைகிறது. அங்குள்ள பூர்வகுடிகளான லக்கோட்டா மக்கள் அதைத் திம்ப்சிலா என்று அழைக்கிறார்கள். ஆங்கில நூல்களிலும் விற்பனைச் சீட்டுகளிலும் பெரும்பாலும் காணப்படும் பெயர் பிரெய்ரி டர்னிப் என்பது. இரண்டில் எது அதன் பொதுப்பெயராக நிலைக்க வேண்டும் என்று கேட்டால், தயக்கமின்றித் திம்ப்சிலா என்றே சொல்வேன்.

டர்னிப் கடுகுக் குடும்பத்துச் செடி. நம் முள்ளங்கிக்கு நெருங்கிய உறவு. திம்ப்சிலாவோ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. விரித்த கைவிரல்களைப் போல ஐந்து சிற்றிலைகளும், தண்டெங்கும் வெண்மயிரும், நீலம் கலந்த ஊதாப் பூக்களும் கொண்ட குறுஞ்செடி அது. சித்த மருத்துவத்தில் தோல் நோய்களுக்குப் பயன்படும் கார்போகரிசியை நம்மில் பலர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியிருப்போம். அந்தச் செடியையும் திம்ப்சிலாவையும் தாவரவியலாளர்கள் நெடுங்காலம் சோராலியா என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். ஆக, முள்ளங்கியைவிடக் கார்போகரிசிதான் இதற்குக் கிட்டிய சொந்தம்.

பிறகு டர்னிப் என்ற பெயர் எப்படி வந்தது? வந்தேறியவர்கள் தங்கள் ஊரில் தின்று பழகியதன் பெயரைக் கண்ணில் பட்டதற்கெல்லாம் சூட்டினார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பிரெஞ்சுப் படகோட்டிகள் இதை வெள்ளை ஆப்பிள் என்றார்கள். 1805 மே 8 அன்று, இன்றைய மொன்டானாவில் மிசூரி ஆற்றின் வழியே சென்றுகொண்டிருந்த அமெரிக்க ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ், அந்தப் பெயரையே தம் நாட்குறிப்பில் பதிந்து, செடியையும் கிழங்கையும் விரிவாக வருணித்தார். தமக்கு அது சுவையற்றதாகத் தோன்றினாலும், நாவின் சுவைக்கு அலையும் தம் நாட்டவர்கள் குழம்புகளில் விலையுயர்ந்த காளான்களுக்குப் பதிலாக இதை விரும்பிச் சேர்ப்பார்கள் என்றும் எழுதினார். 1840களில், உருளைக்கிழங்கை நோய் அழித்துக்கொண்டிருந்தபோது, லமார்-பிக்கோ என்பவர் இதைப் பிரான்சுக்குக் கொண்டுசென்று மாற்றுப் பயிராக்க முயன்றார். அங்கே அதற்குப் பிக்கோசியான் என்று அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள். விதைத்துச் சில ஆண்டுகள் காத்திருந்தால்தான் தின்னத்தக்க அளவுக்குத் திரளும் ஒரு கிழங்கு உருளைக்கிழங்கின் இடத்தைப் பிடிக்க முடியவில்லை என்பதில் வியப்பில்லை.

அறிவியல் பெயர் நடுநிலையானது என்று சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1919-இல் தாவரவியலாளர் ரிட்பெர்க் இதற்கு வழங்கிய பெயர் பீடியோமீலம் எஸ்குலென்டம். பீடியோமீலம் என்ற கிரேக்கக் கூட்டுக்குச் சமவெளி ஆப்பிள் என்று பொருள்; அதாவது, படகோட்டிகளின் ஆப்பிளே கிரேக்க உடை உடுத்தி ஆய்வகத்துக்குள் வந்திருக்கிறது. இந்தியன் பிரெட்ரூட், அதாவது இந்திய ரொட்டிக்கிழங்கு, என்றொரு பெயரும் உண்டு. அதைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் படிப்பவர் இது நம் நாட்டுக் கிழங்கு என்றே நினைப்பார். கொலம்பஸ் செய்த தவறுக்கு ஒரு கிழங்கும் கப்பம் கட்ட வேண்டுமா?

திம்ப்சிலா என்ற பெயரோடு அதைத் தோண்டும் அறிவும் சேர்ந்து வருகிறது என்பதே என் முதன்மையான வாதம். லக்கோட்டா நாட்காட்டியில் ஜூன் மாத நிலவுக்கு இந்தச் செடியின் பெயர்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது: விதை முற்றியதும் செடியின் மேற்பகுதி தரைமட்டத்தில் ஒடிந்து, காற்றில் உருண்டு போய்விடுகிறது, அதன்பின் கிழங்கு எங்கே இருக்கிறது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. மிசூரி ஆற்றுப் பகுதி மக்களின் தாவரப் பயன்பாட்டைப் பற்றி ஆய்வாளர் மெல்வின் கில்மோர் எழுதியதில் ஓர் அருமையான செய்தி உண்டு. ஒரு செடியைக் கண்டதும், அதன் கிளைகள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று பார்க்கும்படி தாய்மார்கள் குழந்தைகளுக்குச் சொல்வார்களாம். செடிகள் ஒன்றையொன்று சுட்டிக்காட்டும் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். பெண்கள் கூர்முனையைத் தீயில் வாட்டி இறுக்கிய கோலைச் செடிக்குப் பக்கத்தில் குத்தி, சில அங்குல ஆழத்தில் கோழிமுட்டை அளவில் இருக்கும் கிழங்கை நெம்பி எடுப்பார்கள். கரிய பழுப்புத் தோலை ஈரம் காய்வதற்குள் உரித்துவிட வேண்டும். காய்ந்தபின் உரிப்பது கடினம். அடியில் தொங்கும் மெல்லிய வால்வேரை மட்டும் வெட்டாமல் விட்டு, அந்த வால்களைச் சேர்த்துப் பின்னி, நீண்ட சடையாக்கி உலர்த்துவார்கள். குளிர்காலத்தில் அது உலர்ந்த இறைச்சியோடு வெந்து கஞ்சியாகும்.

லக்கோட்டா மட்டுமா அந்தப் புல்வெளியில் இருந்தார்கள் என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஒமாகா மக்களுக்கு இது நுக்தே. பிளாக்ஃபுட் மக்களின் கதையில், விடிவெள்ளியை மணந்து வானுலகில் வாழ்ந்த பெண் ஒருத்தி, தோண்டாதே என்று தடுக்கப்பட்ட இதே வகைப் பெரிய கிழங்கைத் தோண்டி எடுத்து, அந்தக் குழி வழியே கீழே தன் மக்களின் குடியிருப்பைக் கண்டு ஏங்கிப் போகிறாள். ஒமாகா நாட்டில் நுக்தே என்றே வழங்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பல மக்களின் பெயர்கள் இருப்பதைச் சாக்காக வைத்து, அவர்களில் ஒருவரும் இடாத டர்னிப்பைப் பொதுப்பெயராக்குவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் நடைமுறை ஆபத்து ஒன்றும் இருக்கிறது. விரல்போல் பிரியும் இதே வகை இலைகள் லூபின் செடிகளுக்கும் உண்டு. அவற்றில் பல நச்சுத்தன்மை உடையவை. டர்னிப் என்ற சொல்லை நம்பிப் புல்வெளியில் இறங்குபவர் கடுகுச்செடி இலையைத் தேடுவாரே தவிர, லூபினிலிருந்து இதைப் பிரித்தறியத் தேவையான எந்தக் குறிப்பும் அந்தச் சொல்லில் இல்லை. கலப்பை ஏறிய நிலத்தில் இந்தச் செடி பிழைப்பதில்லை என்பதால், எஞ்சியிருக்கும் உழாத புல்வெளிகளில் தவறாகவும் அளவின்றியும் தோண்டுபவர்களால் ஏற்படும் இழப்பும் பெரிது.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தைப் பார்த்துப் புல்வெளி டர்னிப் என்றோ புல்வெளி முள்ளங்கி என்றோ புதிதாக ஒன்றை ஆக்க வேண்டாம். திம்ப்சிலா என்று எழுதி, பக்கத்தில் அவரைக் குடும்பத்துக் காட்டுக் கிழங்கு என்று ஒருமுறை விளக்கினால் போதும்.