பந்தயம் அவருடையது, பணம் அந்த டீச்சருடையது

ஞாயிற்றுக்கிழமை கோவையில் நடந்த முதலீட்டாளர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு மியூச்சுவல் ஃபண்டு (பலரின் பணத்தைச் சேர்த்துப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போடும் திட்டம்) மேலாளரிடம் கேள்வி கேட்ட வீடியோவை இங்கே பெரும்பாலானோர் பார்த்துவிட்டீர்கள். நான் மறுபடியும் பகிரப் போவதில்லை. அந்த ஃபண்டு மேலாளரின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு முழுவதும் அவர் எவ்வளவு பெரிய திறமைசாலி என்பதில் போய் நின்றுவிடும். அவர் திறமைசாலியாகவே இருக்கட்டும், எனக்கு அதில் தகராறு இல்லை.

அந்த ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்டது இவ்வளவுதான்: "உங்கள் திட்டத்தில் ஏறக்குறையப் பாதிப் பணம் ஐந்து பங்குகளில் இருக்கிறது. ஐந்தில் நான்கு ஒரே துறை. அந்தத் துறைக்கு ஏதாவது ஆனால் எங்கள் பணம் என்ன ஆகும்?" மாத அறிக்கையை அச்செடுத்து, பேனாவால் கோடிட்டு, கையில் வைத்துக்கொண்டு கேட்டார். வந்த பதில்: "அம்மா, பயமாக இருந்தால் பேங்கில் எஃப்டி போட்டுவிடுங்கள்." அரங்கம் சிரித்தது. உறுதி இல்லாத மேலாளர்கள்தான் ஐம்பது அறுபது பங்குகளில் பரப்பிப் போடுவார்கள் என்று அதன் பிறகு ஒரு விளக்கம். அதற்குக் கைதட்டல் வேறு.

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

அவர் தன் சொந்தப் பணம் முழுவதையும் ஒரே பங்கில் போட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அது அவர் துணிச்சல், அவர் குடும்பம், அவர் பாடு. ஆனால் அவர் போடுவது நம் பணம். அந்த உறுதி பலித்தால் அவருக்கு விருது, அட்டைப்படம், அடுத்த நிறுவனத்தில் இன்னும் பெரிய பதவி. பலிக்காவிட்டால் நம் என்ஏவி, அதாவது திட்டத்தில் நாம் வைத்திருக்கும் ஒரு யூனிட்டின் மதிப்பு, இறங்கும். ஏறினாலும் இறங்கினாலும் நிர்வாகக் கட்டணம் நாள்தோறும் நம் பணத்திலிருந்து கழிந்துகொண்டே இருக்கும். தோற்றால் வலிக்காத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வலிக்கப் போகிறவரைப் பார்த்துக் கோழை என்பது எந்த ஊர் நியாயம்?

சிலருக்கு மறதி அதிகம் என்பதால் 2020 ஏப்ரல் 23-ஐ நினைவுபடுத்துகிறேன். ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்த நேரம். ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற ஃபண்டு நிறுவனம், கடன் பத்திரங்களில் பணம் போடும் தன் ஆறு திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. சுமார் 25,000 கோடி ரூபாய் உள்ளே மாட்டிக்கொண்டது. சென்னைக்காரர்கள் பலருக்கு அந்த நிறுவனத்தின் மேல் தனி நம்பிக்கை இருந்தது. 1993-ல் சென்னையில் தொடங்கிய கோத்தாரி பயனியர், நாட்டின் முதல் தனியார் மியூச்சுவல் ஃபண்டு. கைமாறிக் கைமாறி 2002-ல் ஃபிராங்க்ளினிடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பழைய உறவில் பணம் போட்ட குடும்பங்கள் இங்கே நிறைய.

அந்த ஆறு திட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். அல்ட்ரா ஷார்ட் பாண்டு, லோ டியூரேஷன், ஷார்ட் டேர்ம் இன்கம், டைனமிக் அக்ரூவல், இன்கம் ஆப்பர்ச்சூனிட்டீஸ், கிரெடிட் ரிஸ்க். ஆறில் ஒன்றின் பெயரில்தான் 'ரிஸ்க்' இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஆறிலும் ஒரே போக்கு: தரமதிப்பீடு குறைந்த, வட்டி அதிகமாகத் தரும், அவசரத்துக்கு விற்க முடியாத கடன் பத்திரங்கள். ஒரே நிறுவனங்களின் பெயர்கள் திட்டத்துக்குத் திட்டம் திரும்பத் திரும்ப வந்தன. சில நிறுவனங்களுக்கு முக்கியமாகக் கடன் கொடுத்ததே இவர்கள்தான். அப்படியென்றால் அந்தப் பத்திரத்தை விற்க நினைத்தாலும் வாங்குவதற்கு எதிரில் ஆள் கிடையாது. ஆறு திட்டம் என்று நினைத்தவர்களிடம் இருந்தது ஒரே பந்தயம். பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் அமைப்பான செபியும் 2021 ஜூன் மாத உத்தரவில், வெவ்வேறு வகையாகச் சொல்லப்பட்ட திட்டங்களை ஒரே அதிக அபாய உத்தியில் நடத்தியதைத்தான் குற்றமாகச் சுட்டியது.

முன்னெச்சரிக்கையும் வந்தது. 2020 ஜனவரியில், தொலைபேசி நிறுவனங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி பற்றிய ஏஜிஆர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சீராய்வு மனுக்களைத் தள்ளுபடி செய்தவுடன், வைத்திருந்த வோடபோன் ஐடியா பத்திரங்களின் மதிப்பை ஃபிராங்க்ளின்காரர்கள் முழுவதுமாகக் கழித்து எழுதினார்கள். விவரம் தெரிந்தவர்கள் அப்போதே கிளம்பத் தொடங்கினார்கள். மார்ச்சில் கொரோனா வந்ததும் எல்லோரும் கிளம்பினார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் டீச்சர் கேட்டதன் உயிர் இங்கேதான் இருக்கிறது. யூனிட்டை விற்றுப் பணம் கேட்கிறவர்களுக்குக் கொடுக்க மேலாளர் எதை விற்பார்? எது உடனே விலை போகுமோ அதை. நல்ல பத்திரம் முதலில் போய்விடும். விற்க முடியாதது தங்கிவிடும். கல்யாணப் பந்தியைப் போலத்தான்: முதல் பந்தியில் உட்கார்ந்தவருக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு, கடைசிப் பந்திக்கு ரசம் மிஞ்சினால் உண்டு. முதல் பந்தியில் உட்காருவது பெரிய நிறுவனங்களின் கருவூல அதிகாரிகள், தினமும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். கடைசிப் பந்தியில் இருப்பது மாதம் ஒருமுறை வரும் ஸ்டேட்மென்டை நம்பி வாழும் ஓய்வூதியர்கள். எத்தனைக்கு எத்தனை பணம் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறதோ, அத்தனைக்கு அத்தனை இந்த அநியாயம் பெரிதாகும்.

"ஃபிராங்க்ளினில் பணம் திரும்பி வந்துவிட்டதே" என்று எழுத வருபவர்களே, தெரியும். மூடிய நாளின் மதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே கடைசியில் வந்தது. மறைக்கவில்லை. ஆனால் வழக்குகள், டிசம்பரில் முதலீட்டாளர்களின் மின்னணு வாக்கெடுப்பு, உச்ச நீதிமன்றம் என்று போய், எஸ்பிஐ ஃபண்ட்ஸ் மூலமாக முதல் தவணை வந்ததே 2021 பிப்ரவரியில். நடுவில் பத்து மாதம். எந்தப் பத்து மாதம்? ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்த, வேலை போன, சம்பளம் பாதியாகக் குறைந்த பத்து மாதம். அல்ட்ரா ஷார்ட் என்று பெயர் வைத்த திட்டத்தில் ஒருவர் பணம் வைப்பது எதற்கு? நாளைக்கு வேண்டும் என்றால் எடுக்கலாம் என்பதற்கு. "கடைசியில் வந்துவிட்டது அல்லவா" என்று சொல்லும் வாய், அந்தப் பத்து மாதத்தில் மருத்துவமனை பில் கட்ட நகையை அடகு வைத்தவரின் எதிரில் நின்று சொல்லட்டும்.

என் சித்தப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து 2007 கடைசியில் ஓய்வு பெற்றார். பணிக்கொடையும் பிஎஃப் பணமும் கணக்கில் விழுந்த வாரமே வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. எந்த வங்கி என்பது வேண்டாம். நாடு முழுவதும் சாலை, மின்சாரம், துறைமுகம் கட்டப் போகிறார்கள் என்றார் அங்கிருந்த அலுவலர். மின்வாரியக்காரரிடம் மின்சாரத்தைச் சொன்னால் மறுப்பாரா? சித்தப்பா விவரமானவர், ஒரே இடத்தில் போட மாட்டேன் என்றார். உடனே மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் உள்கட்டமைப்புத் திட்டங்களை எடுத்துக் கொடுத்து, "பரவலாகப் போட்டாயிற்று சார்" என்றார்கள். மூன்றிலும் மேலே இருந்த பெயர்கள் ஏறக்குறைய ஒன்றே.

2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் அக்டோபரில் 8,000-க்குக் கீழே போனது. அது எல்லோருக்கும் வந்த அடி, யாரையும் குறை சொல்ல முடியாது. எனக்கு ஆறாதது அடுத்து நடந்தது. 2010 நவம்பரில் சென்செக்ஸ் மறுபடியும் 21,000-ஐத் தொட்டது. பரவலாகப் போட்டவர்கள் மீண்டார்கள். சித்தப்பாவின் மூன்று திட்டங்களும் தரையிலேயே கிடந்தன. சின்னவளின் கல்யாணத்துக்கு ஒதுக்கிய பணம் அது. நஷ்டத்தில் விற்று, மீதிக்குக் கடன் வாங்கி, கல்யாணத்தை நடத்தினார். ஒருவரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நமக்குப் புரியவில்லை போல" என்று மட்டும் சொன்னார். உயரழுத்த மின்கம்பிகளுக்கு நடுவில் வாழ்நாளைக் கழித்த மனிதர், தனக்குப் புத்தி போதவில்லை என்று நம்பும்படி செய்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த அரங்கம் சிரித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த முகம்தான்.

அடுத்தது அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட். இந்தப் பேச்சில் பஃபெட்டைக் கொண்டுவராமல் யாராலும் இருக்க முடியாது. பரவலாகப் போடுவது விவரம் தெரியாதவர்களுக்கான பாதுகாப்பு என்று அவர் சொன்னது உண்மை. அதே பஃபெட் சாதாரண மக்களுக்குச் சொன்னது சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும், குறைந்த செலவுள்ள இண்டெக்ஸ் ஃபண்டை. தன் மனைவிக்கு விட்டுச்செல்லும் பணத்தில் 90 சதவீதத்தை அதில் போடச் சொல்லியிருப்பதாகத் தன் கடிதத்தில் எழுதியவரும் அவர்தான். அதோடு, பஃபெட் வளர்த்த நிறுவனமான பெர்க்‌ஷயர் பங்கை வைத்திருப்பவர் வெளியேற வேண்டுமென்றால் சந்தையில் இன்னொருவரிடம் விற்க வேண்டும். அந்த நிறுவனம் தன் கையிலிருப்பதை விற்றுப் பணம் தர வேண்டியதில்லை. நம் ஃபண்டு மேலாளருக்கு அந்த வசதி இல்லை. வேறு விளையாட்டில் ஆடுபவரின் பேச்சை இங்கே கொண்டுவந்து ஒரு டீச்சரின் வாயை அடைக்கிறார்கள்.

பஃபெட் வழியில் நடந்த ஒரு ஃபண்டு அமெரிக்காவில் இருக்கிறது, செக்கோயா. 1969-ல் தன் முதலீட்டுக் கூட்டாண்மையைக் கலைத்தபோது, தன் முதலீட்டாளர்களை பஃபெட்டே பில் ருவான் என்ற முதலீட்டு மேலாளரிடம் போகச் சொன்னார். அவர்களுக்காகத் தொடங்கப்பட்டதுதான் செக்கோயா. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நற்பெயர். 2015-ல் வேலியன்ட் என்ற ஒரே மருந்து நிறுவனத்தில் அதன் பணத்தில் கால்வாசிக்கும் மேல் இருந்தது. அது அதிகம் என்று உள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. சுயேச்சை இயக்குநர்கள் இருவர் அக்டோபரில் விலகினார்கள். மேலாளர்களின் உறுதி அசையவில்லை. ஆகஸ்டில் 260 டாலரை எட்டிய பங்கு அடுத்த மார்ச்சில் 30 டாலருக்குக் கீழே வந்தது. பொறுப்பில் இருந்த ராபர்ட் கோல்ட்ஃபார்ப் விலகினார். அவர் முட்டாள் என்று யாராவது சொல்வார்களா? பல ஆண்டுகள் சரியாகக் கணித்தவர். சரியாகக் கணித்துப் பழகியவர்தான் ஒரே இடத்தில் இவ்வளவு குவிக்கத் துணிவார். எனக்குப் பயமே அந்தப் பழைய வெற்றிகள் மேல்தான். இங்கிலாந்தில் நீல் உட்ஃபோர்டு என்ற ஃபண்டு மேலாளரை நம்பியவர்களும் அவருடைய பழைய வெற்றிகளைத்தான் நம்பினார்கள். எளிதில் விற்க முடியாத சிறு நிறுவனங்களில் பணத்தைப் போட்டார். கென்ட் மாவட்ட மன்றம் தன் பணத்தைக் கேட்டவுடன், 2019 ஜூனில் திட்டமே முடக்கப்பட்டது. முடங்கிய மாதங்களிலும் கட்டணம் எடுத்துக்கொண்டார்கள்.

"செபியின் வரம்பு இருக்கிறதே, ஒரு பங்கில் 10 சதவீதத்துக்கு மேல் போட முடியாதே." சரி. ஐந்து பங்குகளில் பத்துப் பத்தாகப் போட்டு, ஐந்தும் ஒரே கொள்கை முடிவில் விழக்கூடியவையாக இருந்தால் அந்த வரம்பு யாரைக் காப்பாற்றும்? டீச்சர் கேட்டது இதைத்தான்.

"மேலாளர்களும் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தங்கள் திட்டங்களில் போடுகிறார்களே." 2021-ல் செபி 20 சதவீதம் போட வேண்டும் என்று விதித்தது, நல்ல விதி. 2025-ல் சம்பள அளவைப் பொறுத்துத் தளர்த்தியும் விட்டார்கள். ஒருவரின் சம்பளத்தில் ஒரு பகுதியும், இன்னொருவரின் முப்பதாண்டு உழைப்பும் ஒன்று என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

"நிஃப்டி குறியீட்டிலேயே மூன்றில் ஒரு பங்கு வங்கி, நிதித்துறைதானே" என்பதும் வரும். வரட்டும். அது ஒரு தனி மனிதரின் உறுதியில் நடப்பதில்லை.

குவித்துப் போட்டால்தான் பெரிய லாபம் என்பதை நான் மறுக்கவில்லை. கிடைக்கும், கிடைத்தும் இருக்கிறது. அப்படியானால் அதை விற்கும்போது சொல்லுங்கள். "இது என் பந்தயம், தவறினால் பத்தாண்டு ஆகலாம், கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வைத்திருக்கும் பணத்தை இங்கே கொண்டுவராதீர்கள்" என்று தமிழில், நிறுத்தி, ஒரு மனிதரிடம் பேசுவதுபோலச் சொல்லுங்கள். விளம்பரத்தின் முடிவில் மூச்சுவிடாமல் ஓட்டும் அந்த எச்சரிக்கை வாசகம் யார் காதில் விழுகிறது? பணம் வாங்க வீட்டுக்கே வந்து தமிழில் பேசுகிறீர்கள். சந்தேகம் கேட்டால் மட்டும் ஆங்கிலத்தில் எண்பது பக்க ஆவணம் வருகிறது.

அந்த அரங்கில் இருந்தவர்களில் பாதிப்பேர் யாரோ ஒரு டீச்சரிடம் கணக்குப் படித்து வந்தவர்கள். இவர் மாத அறிக்கையை வாசித்து, கூட்டி, துறைவாரியாகப் பிரித்து, மேடையில் இருப்பவரிடம் நேராகக் கேட்டார். பல ஏஜென்ட்டுகள் செய்யாத வேலை அது. அவருக்குக் கிடைத்தது சிரிப்பு. பெண் என்பதாலா, வயதானவர் என்பதாலா, பருத்திப் புடவையில் வந்தார் என்பதாலா? இதே கேள்வியைக் கோட்டு போட்ட ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் "அருமையான கேள்வி" என்று தொடங்கியிருப்பார்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, அதனால் இந்தப் பத்தியை இத்துடன் விடுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு திட்டத்தின் முதல் பக்கத்திலும் மூன்று விவரங்கள் இருக்கட்டும்: முதல் ஐந்து முதலீடுகளில் எத்தனை சதவீதம், ஒரே துறையில் எத்தனை சதவீதம், இதே நிறுவனத்தின் மற்றத் திட்டங்களில் இதே பெயர்கள் எத்தனை. மாத அறிக்கையில் இவை எங்கோ சிதறிக் கிடக்கின்றன. சேர்த்து, பெரிய எழுத்தில், தமிழிலும் போடுவதற்கு என்ன தடை?

இந்தப் பதிவை நீக்கச் சொல்லி உள்பெட்டியில் வந்திருக்கும், ஃபண்டு விற்கும் விநியோகஸ்த நண்பர்களுக்கு: நீக்க மாட்டேன். உங்கள் தொழிலை நான் கெடுப்பதாக நினைத்தால், அந்த டீச்சர் கேட்டதற்கான பதிலைக் கீழே எழுதுங்கள். எஃப்டி போடச் சொல்லி எழுதினால் மட்டும் அழித்துவிடுவேன்.