தண்ணியில்லாக் காட்டிலிருந்து வரும் பதில்

அரசு அலுவலகங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் மிரட்டல் ஒன்று உண்டு. "ஒழுங்கா இல்லேன்னா தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." எந்த ஊர் என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை, ராமநாதபுரம்தான். 2011 கணக்கெடுப்பின்படி 13 லட்சத்துக்கும் மேலானவர்கள் வாழும் மாவட்டம் அது. அங்கேயே பிறந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணம் முடித்துக் குடும்பம் நடத்துகிறவர்களின் ஊரை, மற்றவர்களுக்குத் தண்டனை கொடுக்கும் இடமாகப் பேசிப் பழகிவிட்டோம்.

ராமநாதபுரத்துக்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். "எங்க ஊர்ல தண்ணி இருக்கு" என்று வாதாடுகிறவர் தோற்றுப்போவார். எதிராளி இன்னும் இரண்டு சிரிப்பு சிரித்துவிட்டுப் போவான். விவரமானவர்கள் முதல் வார்த்தையிலேயே ஒப்புக்கொள்வார்கள். "ஆமா சார், சொட்டுத் தண்ணி கெடையாது. வர்றப்ப ரெண்டு குடம் கொண்டாந்துருங்க, போறப்ப எண்ணித் திருப்பிக் குடுத்துருவோம்." கேலி செய்ய வந்தவருக்கு அடுத்த வரி கிடைக்காது. அவர் சிரித்து முடித்ததும் விஷயத்தை எடுப்பார்கள்: "ராஜசிங்கமங்கலம் கண்மாய் பாத்திருக்கீங்களா? நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை."

அது அந்த ஊர்ச் சொலவடை. ஒரு நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவுக்கு நீளமான கரை, அதில் தண்ணீர் திறந்துவிடும் 48 மடைகள். மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர்கள் வெட்டிய கண்மாய் அது. ஒரு கண்மாய் நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் கலுங்கு என்ற வடிகால் வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொள்ள நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஆள் உண்டு. வைகை ஆறே கடலுக்கு நேராகப் போகாமல் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து இறங்குகிறது. மிச்சம் இருந்தால்தான் கடலுக்கு.

இன்னொரு விவரம் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். ராமநாதபுரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கோயம்புத்தூர் நகரத்தில் பெய்வதைவிட இது அதிகம். ஆனால் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த இரண்டு மாதத் தண்ணீரைத்தான் வருஷம் முழுக்க வைத்துக் குடிக்க வேண்டும். கண்மாய் மேடேறி, வரத்துக்கால் அடைபட்டு, உள்ளே சீமைக் கருவேலம் மண்டினால் பெய்த மழை நிற்க இடமில்லாமல் போகும். ஆக, பெய்கிற தண்ணீரைத் தேக்கி வைக்கும் ஏற்பாடு கெட்டுப்போனதுதான் அங்கே பிரச்சினை. "தண்ணியில்லாக் காடு" என்று சொல்லும்போது இந்தக் காரணம் மறைந்து, ஏதோ அந்த மண்ணுக்கே சாபம் என்பதுபோல் ஆகிவிடுகிறது. எனக்கு இதில்தான் கோபம். ஒரு கேலி, தூர்வார வேண்டியவர்களின் பொறுப்பைத் துடைத்துவிடுகிறது.

அந்த ஊர்க்காரர்கள் வெயிலையும் இப்படியே மடக்குவார்கள். "என்ன வெயில்யா உங்க ஊர்ல" என்றால், "அந்த வெயிலைத்தான் காசாக்கிட்டோம்ல" என்று பதில் வரும். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அதே வெயிலில் காயும் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும் மிளகாய். தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுச் சாம்பாரின் நிறம் தண்ணியில்லாக் காட்டில் விளைந்தது.

ஊர்க்கேலிக்கு உள்ளூர்க்காரன் சொல்லும் நல்ல பதில் எல்லாமே இந்த வழியில்தான் வருகிறது என்பது என் எண்ணம். முதலில் ஆமாம் என்பான், அப்புறம் கேலியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவான், கடைசியில் கேட்டவனுக்குத் தெரியாத துல்லியமான ஒரு விவரத்தை வைப்பான். கேலிக்கு மேலோட்டமான அறிவு போதும், பதிலுக்கு ஊர் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். விவரம் இல்லாமல் முதல் இரண்டோடு நிறுத்தினால் அது தன் ஊரைத் தானே கேலி செய்ததாகத்தான் முடியும். பல ஊர் மீம் பக்கங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

திருநெல்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே "பையில அருவா இருக்கா?" என்று கேட்பார்கள். "எங்க ஊர் அமைதியான ஊர்" என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். "கொண்டாந்திருக்கேன் அண்ணாச்சி. எந்த அருவா வேணும்? கதிரறுக்கதா, பாளை சீவுததா, வெறகு வெட்டுததா?" என்று கேட்டுப் பாருங்கள், எதிரே இருப்பவர் விழிப்பார். கதிர் அரிவாள் வளைந்து, உள்வாயில் பல் வைத்திருக்கும், பிடித்து இழுத்து அறுக்க. பனையேறி வைத்திருக்கும் பாளை அரிவாளில் முடியைச் சிரைக்கலாம், அவ்வளவு கூர்மை. பனையின் பூங்குலையான பாளையை மெல்லிசாகச் சீவினால்தான் பதனீர் சொட்டும், முரட்டு வாயால் சீவினால் பாளை பாழாகும். விறகு வெட்டுகிற அரிவாளுக்குக் கனம்தான் முக்கியம், கூர்மை இரண்டாம்பட்சம். அடுக்களையில் அருவாமனை இருக்கிறது, கோயிலில் சாமி கையில் நேர்த்திக்கடன் அரிவாள் இருக்கிறது. இத்தனை இருக்க, சினிமாவுக்குக் கண்ணில் பட்டது முதுகில் செருகுகிற ஒன்று மட்டும்தான்.

சினிமா அரிவாளுக்குப் பேர் போன திருப்பாச்சேத்தி நெல்லையில் இல்லவே இல்லை. சிவகங்கை மாவட்டத்தில், மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கிறது. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி, அடித்து, நீட்டி, வாய் இழுத்து, தண்ணீரில் தோய்ப்பார்கள். அந்தத் தோய்ச்சலில்தான் தொழில் இருக்கிறது. சூடு மிஞ்சிய நிலையில் தோய்த்தால் வாய் கெட்டியாகி, முதல் வெட்டிலேயே பொடிந்துவிடும். சூடு போதாமல் தோய்த்தால் வாய் மடங்கும். பழுத்த இரும்பின் நிறத்தை வைத்துத்தான் பட்டறைக்காரர் முடிவெடுக்கிறார். அவர் செய்து விற்பதில் பெரும்பகுதி விவசாயத்துக்கும் கோயிலுக்கும் போகிறது. 2021-இல் காவல்துறை, வாங்க வருகிறவர்களின் பெயர், முகவரியைக் குறித்து வைக்கச் சொன்னபோது நெருக்கடி வந்ததும் அந்தப் பட்டறைகளுக்குத்தான். அரிவாளை அழகு காட்டிப் படம் எடுத்தவர்களிடம் யாரும் முகவரி கேட்கவில்லை.

நெல்லையின் இன்னொரு சுமை அல்வா. ஏமாற்றினால் "அல்வா குடுத்துட்டான்" என்பது தமிழ்நாடு முழுக்கப் பேச்சு. "ஏலே, நாங்க குடுத்தா கையில நெய்யாவது ஒட்டும். உங்க ஊர்ல வெறுங்கையிலல்லா முழம் போடுதாவ?" என்பது நெல்லைப் பக்கத்துப் பதில். இதற்கும் பின்னால் விவரம் இருக்கிறது. சம்பா கோதுமையை இரவு முழுக்க ஊறவைத்து, ஆட்டிப் பால் எடுத்து, பாலை அசையாமல் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை இறுத்து, கெட்டிப்பாலை மட்டும் சர்க்கரைப் பாகில் ஊற்றிக் கிண்ட வேண்டும். தெளிய நேரம் கொடுக்காவிட்டால் கொழகொழவென்று ஆகும். கை நின்றால் அடிப்பிடிக்கும். ஊற்றிய நெய்யை அல்வா முதலில் உள்ளே இழுத்துக்கொண்டு, வெந்த பிறகு கக்கும். அந்தக் கக்கல் வந்தால்தான் இறக்குவார்கள். இவ்வளவு பொறுமை கேட்கும் ஒரு பண்டம் ஏமாற்றுக்குப் பெயராகிப்போனது அநியாயம்.

மதுரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீச்சரிவாள் வீரத்தை மதுரை மேல் ஏற்றிய அதே திரையில், மார்பை நிமிர்த்திச் சவடால் விட்டு, அடுத்த நொடி அடிவாங்கிக்கொண்டு அதற்கும் நியாயம் பேசும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியவர் மதுரைக்காரரான வடிவேலு. மதுரை ரவுடி என்ற கற்பனைக்கு மதுரையே கொடுத்த பதில் அது. அதைவிடப் பெரிய பதிலை வேறு யாரும் கொடுக்கவில்லை.

கொங்குப் பக்கம் வேறு மாதிரி. அங்கே கேலி, "ரொம்ப மரியாதைக்காரங்கப்பா" என்பது. கோயம்புத்தூர்க்காரன் சண்டையிலும் ங்க போடுவான் என்பார்கள். போடுவார்கள்தான், ஆனால் அந்த மரியாதைக்குள்தான் குசும்பு இருக்கிறது. நெரிசல் பஸ்ஸில் காலை மிதித்துக்கொண்டு நிற்பவரிடம், "ஏனுங்ணா, என்ற காலு மேல நிக்கறீங்ளே, மேடு பள்ளமா இருக்குங்ளா? சரி பண்ணி வெக்கட்டுங்ளா?" என்பார். முகத்தில் சிரிப்பு இருக்காது. குரல் உயராது. திட்டு முழுக்கக் கேள்வியாக வரும், கடைசி வரை மரியாதை குறையாது. எதிராளி கோபப்பட்டால் அவன்தான் மரியாதை தெரியாதவன் ஆவான். ரீல்ஸில் கொங்குப் பேச்சு என்று செய்கிறவர்கள் இரண்டு இடத்தில் கெடுக்கிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை ங்க ஒட்டுவது ஒன்று. உண்மையில் அது வாக்கியத்தில் வரவேண்டிய இடத்தில் மட்டும்தான் வரும். சொல்லி முடிக்கும் முன்பே தானே சிரித்துவிடுவது இன்னொன்று. குசும்பில் சொன்னவர் சிரிக்கவே கூடாது, கேட்டவருக்கு அது இரண்டு ஸ்டாப் தள்ளி உறைக்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களின் நிலைமை எல்லோரையும்விடச் சங்கடமானது. சென்னையில் வாயைத் திறந்தால் "நீங்க மலையாளியா?" என்பார்கள். திருவனந்தபுரத்தில் திறந்தால், தமிழரைக் கேலியாகச் சொல்லும் "பாண்டி" என்பார்கள். மரச்சீனி (மரவள்ளி), சக்கை (பலா), சாரம் (கைலி) என்று அவர்கள் சாதாரணமாகப் பேசும் சொற்களையே ஆதாரமாகக் காட்டுவார்கள். அவர்களிடம் ஒரு கச்சிதமான பதில் இருக்கிறது: "மக்கா, நீ தமிழ்நாட்டுல பொறந்ததுனால தமிழ்நாட்டுக்காரன். நாங்க கேட்டு வாங்கி வந்து சேந்தவங்க." அது வரலாறு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று நம்மோடு சேர்ந்தன. அதற்கு மார்ஷல் நேசமணி போன்ற தலைவர்கள் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. தமிழோடு சேர உயிர் கொடுத்த ஊர்க்காரரிடம் போய் "மலையாளியா?" என்று கேட்கிறோம். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வது அவருடைய பெருந்தன்மை. தமிழ் சினிமாவில் நகைச்சுவையை நிலைநிறுத்திய என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்ததும் அந்த மாவட்டத்தின் ஒழுகினசேரியில்தான்.

இந்தச் சிரிப்பால் மூடக்கூடாத இடங்களும் இருக்கின்றன. நெல்லை அரிவாள் என்று பொதுவாகச் சொல்லிச் சிரிக்கும்போது, அங்கே நடந்த கொலைகள் பலவற்றின் பின்னால் சாதி இருப்பது மறைகிறது. கேலி செய்கிறவருக்கும் வசதி, சிரித்துப் பதில் சொல்கிறவருக்கும் வசதி. செத்தவன் பெயர் இரண்டு பேர் வாயிலும் வராது. கொங்கு மரியாதையும் அப்படித்தான். யாருக்கு ங்க, யாருக்கு டா என்று பார்த்துப் பேசிய வழக்கமும், டீக்கடையில் தனிக் குவளை வைத்த வழக்கமும் அதே மண்ணில் இருந்தவை. ராமநாதபுரத்தில் இன்றும் தள்ளுவண்டியில் காலிக் குடங்களை அடுக்கிக்கொண்டு குழாயடி தேடிப் போகும் பெண்களைப் பார்க்கலாம். ஊர்ப்பெருமைக்காக அவர்களை மறைக்கிற நகைச்சுவை எனக்கு வேண்டாம். உள்ளூர்க்காரன் தன் ஊரைப் பற்றிச் சொல்லும் விவரத்தில் இவையும் சேர்ந்தே வர வேண்டும்.

நாமும் கேலி செய்கிற பக்கத்தில் நிற்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். டெல்லியில் நம்மை எல்லாம் சேர்த்து "மதராசி" என்றால் பொங்குகிறோம். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் என்று நான்கு மாநிலத்து ஆட்களை ஒரே சொல்லில் "வடக்கன்" என்று அடக்கிவிடுகிறோம். போஜ்புரி பேசுகிறவரும் ஒடியா பேசுகிறவரும் நமக்கு இந்திக்காரர்கள்தான். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவி, பலர் பயந்து ரயிலேறினார்கள். அந்த வதந்தியைப் பரப்பியவர்கள் மேல் தப்பு இருக்கிறது. அது அவ்வளவு வேகமாக நம்பப்பட்டதற்கு, தினமும் நாம் பேசும் கேலியிலும் பங்கு இருக்கிறது.

அவர்களும் நம்மைப் பற்றித் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்காமலா இருப்பார்கள்? நமக்கு அந்த மொழி புரியாததால் பதில் காதில் விழவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பல வருஷம் வேலை பார்க்கிறவர்கள் இப்போது "ஏனுங்ணா" என்று கொங்குத் தமிழிலேயே கூப்பிடுகிறார்கள். அவர்கள் பதில் சொல்லத் தொடங்கும்போது நாம் எப்படி எடுத்துக்கொள்வோம் என்பதைப் பார்க்க வேண்டும்.