கட்டி முடிக்காத வீட்டிலிருந்து கிளம்பிய கார்

சென்னை ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் என் மச்சான், "சீனா சீக்கிரம் படுத்துரும்" என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லும்போது கையில் இருப்பது சீனாவின் ஷென்ஜென் நகரிலிருந்து வந்த சார்ஜர். சித்தப்பா எதிர்க்கட்சி. சீனாவை இனி எவனும் அசைக்க முடியாது என்பார். தீபாவளிக்கு இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால் காபி ஆறிவிடும்.

இந்தச் சண்டையில் இருவருமே வீடு வாங்கியவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

சீன பில்டர்கள் அஸ்திவாரம் போடும்போதே ஃபிளாட்டை விற்று, அந்தப் பணத்தில் அடுத்த மனையை வாங்கி உருட்டிக்கொண்டிருந்தார்கள். 2020 ஆகஸ்டில் அரசு அவர்களின் கடனுக்குக் கடிவாளம் போட்டதும் உருட்டல் நின்றது. அடுத்த ஆண்டே எவர்கிராண்ட் என்ற பெரிய பில்டர் நிறுவனம் தவணை கட்ட முடியாமல் விழுந்தது. பாக்கி 30,000 கோடி டாலருக்கு மேல். 2022 ஜூனில் ஜிங்தேஜென் நகரில் அதன் ஃபிளாட்டுக்குப் பணம் கட்டியவர்கள், "வேலையைத் தொடங்காவிட்டால் வங்கித் தவணை கட்ட மாட்டோம்" என்று கடிதம் எழுதினார்கள். பல ஊர்களில் அதே குரல் கிளம்பியது. கடனும் வாடகையும் சேர்த்துக் கட்ட முடியாத சிலர், லிஃப்டும் கரண்டும் இல்லாத வெற்றுக் கான்கிரீட்டிலேயே குடியேறினார்கள். வாளியில் தண்ணீர் சுமந்து மாடியேறினார்கள்.

இதைப் பார்த்த மற்றவன் பர்ஸைத் திறப்பானா? சீனாவில் குடும்பங்கள் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதம்தான். நம் நாட்டில் அது 60ஐ ஒட்டி இருக்கிறது.

வீட்டுக் கடனுக்கு ஆள் குறைந்ததும், வங்கிகளின் பணம் அரசு காட்டிய பக்கம் திரும்பியது: மின்சார கார், பேட்டரி, சோலார் பேனல். உள்ளூரில் வாங்க ஆள் இல்லை, உற்பத்தியோ நிற்கவில்லை. 2022 அக்டோபரில் சரியத் தொடங்கிய, தொழிற்சாலைகள் சரக்கை விற்கும் விலைகள் வருடக்கணக்கில் மீளவில்லை. விற்றதாகக் கணக்குக் காட்டுவதற்காகப் புதுக் காரைப் பதிவு செய்து, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே 'பழைய கார்' என்று தள்ளிவிடுகிறார்கள். 2025 மே மாதம் கிரேட் வால் என்ற சீன கார் நிறுவனத்தின் தலைவர் வெய் ஜியான்ஜுன் இதைப் பொதுவெளியில் போட்டு உடைத்தார். கார் துறையிலும் ஒரு எவர்கிராண்ட் இருக்கிறது, இன்னும் வெடிக்கவில்லை அவ்வளவுதான் என்றார். வெளியாள் சொல்லியிருந்தால் பொறாமை என்று தள்ளிவிடலாம்.

மிச்சமெல்லாம் கப்பல் ஏறுகிறது. 2025இல் சீனாவின் வர்த்தக உபரி, அதாவது ஏற்றுமதி இறக்குமதியை மிஞ்சும் தொகை, முதல்முறையாக 1 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்காவுக்கான ஏற்றுமதி 20 சதவீத அளவுக்கு விழுந்த அதே ஆண்டில்! ஆப்பிரிக்காவும் தென்கிழக்கு ஆசியாவும் அதை வாங்கிக்கொண்டன.

அதனால்தான் சீனப் பொருட்கள் மீதான வரிச் சண்டையை டிரம்பின் கிறுக்குத்தனம் என்று மட்டும் சொல்வதை நான் ஏற்பதில்லை. 2025இல் அவர் போட்ட 145 சதவீத வரி கிறுக்குத்தனம்தான், சரி. ஆனால் சீன மின்சார காருக்கு 100 சதவீதம் போட்டது பைடன். ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் கூடுதல் வரி போட்டது. மெக்சிகோ 2025 டிசம்பரில் பல பொருட்களுக்கு 50 சதவீதம் வரை உயர்த்தியது. இவர்கள் எல்லோரும் ஒரே கட்சியா என்ன?

சித்தப்பாவின் வாதத்திலும் உயிர் இருக்கிறது. கார் பாகங்களுக்குத் தேவையான அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்கு 2025 ஏப்ரலில் சீனா பூட்டுப் போட்டதும், ஃபோர்டின் சிகாகோ ஆலை ஒரு வாரம் மூடிக் கிடந்தது. அமெரிக்கா இறங்கி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அக்டோபர் இறுதியில் தென் கொரியாவின் பூசானில் டிரம்பும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்து ஓராண்டுக்குச் சண்டையைத் தள்ளிப்போட்டார்கள்.

அந்த ஓராண்டில் சீனா செய்ய வேண்டியது தன் மக்கள் கையில் காசு கொடுப்பது. முதியோருக்கான அடிப்படை ஓய்வூதியத்தில் 2024இல் எவ்வளவு கூட்டினார்கள் தெரியுமா? மாதம் 20 யுவான். நம் பணத்தில் 200 ரூபாய்க்குச் சற்று மேல். நலத்திட்டம் சோம்பேறிகளை வளர்க்கும் என்று ஷி ஜின்பிங் எச்சரித்திருக்கிறார். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் வாயிலிருந்து! இங்கே இலவசம் பற்றி நடக்கும் டிவி விவாதம் போலவே இல்லை?

இவ்வளவையும் மச்சானிடம் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "அப்போ சார்ஜர் ரேட்டு இன்னும் இறங்கும்ங்கிறீங்க. இப்பவே லோடு எடுக்கலாமா, வெயிட் பண்ணலாமா?"