அம்மையை ஓ.பி. சீட்டில் தேடாதீர்கள்

தட்டம்மை பரவுகிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரைப் புரட்டுவதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது. அம்மை போட்ட பிள்ளையை நம்மூரில் யார் ஊசி போடக் கூட்டிப்போகிறார்கள்? வாசலில் வேப்பிலை செருகி, உள்ளே படுக்க வைத்துவிடுவார்கள். ஒரு வட்டாரத்தில் நான்கு வாரத்துக்குள் ஐந்து பேருக்குக் காய்ச்சலும் தடிப்பும் இருந்தால் பரவல் என்று சந்தேகிக்க வேண்டும். அந்த ஐந்து பேரும் தெருவில்தான் கிடைப்பார்கள். அங்கன்வாடிக்கு ஒரு வாரமாக வராத பிள்ளைகளின் பட்டியலோடு கிளம்புங்கள்.

முதலில் தெரிய வேண்டியது தடிப்பு தொடங்கிய தேதி. நேராகக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. "தண்ணி என்னிக்கு ஊத்துனீங்க? அம்மா இறங்கி எத்தனாவது நாள்?" என்று கேளுங்கள், பாட்டி கணக்காகச் சொல்லிவிடுவார். காதுக்குப் பின்னால், முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கியதா, இருமலும் கண் சிவப்பும் இருந்ததா என்றும் கேளுங்கள். நீர்கோத்த கொப்புளம் என்றால் அது சின்னம்மையாக இருக்கலாம். வாய்ப்புண்ணோடு உள்ளங்கை, உள்ளங்காலில் என்றால் வேறு வைரஸ்.

அந்தத் தேதி தவறினால் எல்லாம் தவறும். தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்புவரை பிள்ளை நோயைப் பரப்பும். தொற்றிய இடத்தைத் தேட, தடிப்பிலிருந்து 7 முதல் 21 நாள் பின்னோக்கிப் போக வேண்டும். முதல் மூன்று நாளில் எடுத்த ரத்தத்தில், புதுத் தொற்றைக் காட்டும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் சோதனை நெகட்டிவ் வரலாம். அதை நம்பி ஃபைலை மூடிவிடுவது அபத்தம். தடிப்பு வந்த ஒரு வாரத்துக்குள் என்றால் தொண்டை ஸ்வாபும் சேர்த்து எடுங்கள். ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் சீரத்தைப் பிரித்து, 2 முதல் 8 டிகிரி குளிரில் சென்னை கிண்டி கிங் நிலைய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பிரிக்காத ரத்தத்தை ஃப்ரீசரில் வைத்தால் சிவப்பணு உடைந்து மாதிரி வீண்.

அடுத்து, "தடுப்பூசி போட்ட பிள்ளைக்கும் வந்திருக்கே" என்பார்கள். ஆயிரம் பிள்ளைகளில் 900 பேருக்கு ஒரு டோஸ் போட்டிருக்கிறது, அது 85 சதவீதம் காக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காப்பில்லாதவர்கள் ஊசி போட்டதில் 135 பேர், போடாததில் 100 பேர். நோயாளிப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஊசி தோற்றதாகத்தான் தெரியும். தெருவில் மொத்தம் எத்தனை பிள்ளைகள், எத்தனை பேருக்குப் போட்டது என்று எண்ணாமல் வாய் திறக்காதீர்கள்.

ஊசிக்கு முகம் சுளிக்கும் வீட்டிலும் வைட்டமின் ஏ திரவத்தைப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் நோய் கண்ட பிள்ளைக்கு அன்றே கொடுங்கள்: ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட், ஆறு மாதம் முதல் ஒரு வயதுவரை 1 லட்சம், மறுநாள் அதே அளவு. மறுநாள் யார் வருவது என்று அங்கேயே பேசி முடித்துவிடுங்கள், விட்டுப்போவது அந்த இரண்டாவது டோஸ்தான்.