மாமா 1, மாமா 2

(மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தை. அம்மம்மா விட்டுப்போன பிஸ்கட் டின் நிறையப் பழைய படங்கள், ஒரு ஸ்கேனர், பெரியம்மா, மகன். படம் பறக்குது என்று ஃபேனை நிறுத்தியாச்சு, அதனால் இரண்டு பேருக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கிறது.)

மகன்: இது யார் பெரியம்மா?

பெரியம்மா: மாமா.

மகன்: யாருக்கு?

பெரியம்மா: எனக்கு மாமா, கொம்மாவுக்கும் மாமா, கொப்பாவுக்குச் சித்தப்பா. மச்சானும் மச்சாளும் முடிச்சால் அப்படித்தான் மனே.

மகன்: பேர்?

பெரியம்மா: பேர் சொல்லியா கூப்பிட்டோம்? மாமா என்றால் திரும்பிப் பார்ப்பார்.

மகன்: எல்லாத்துக்கும் மாமா 1, மாமா 2 என்று போட்டால் நாளைக்கு என்ட பிள்ளைக்கு என்ன விளங்கும்? ஐயோ, பின்பக்கம் பேனையால் எழுதாதீங்க, மை முன்னுக்கு ஊறிவரும். பென்சிலால் ஓரத்தில் மெதுவா எழுதுங்க. சரி, எந்த வருசம்?

பெரியம்மா: சூறாவளிக்குப் பிறகு. பின்னால் தென்னைகளைப் பார், ஒன்றுக்காவது தலை இருக்கா? 1978 நவம்பர் 23 இரவு திருகி எறிஞ்சது.

மகன்: அப்போ 1979, கேள்விக்குறி... சே, ஃபைல் பேரில் கேள்விக்குறி போட விடாது.

பெரியம்மா: சுமார் என்று போடு. ஆளும் சுமார்தான்.

மகன்: அடுத்தது பெரியப்பா. எழுத்தோடு முழுப் பேரையும் சொல்லுங்க.

பெரியம்மா: கரண்ட் பில்லில் கிடக்கு, பார்த்து எழுது.

மகன்: இதில் நீங்க. பக்கத்தில் நின்ற ஆளைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கிடக்கு, உங்கட தோளில் கை மட்டும் மிச்சம்.

பெரியம்மா: அது காணிச் சண்டை. அந்தக் கையோட எனக்குக் கதைபேச்சு இல்லை.

மகன்: கைக்கு என்ன பேர் போட?

பெரியம்மா: கை என்றே போடு.

மகன்: சின்னப் படம், 600 டிபிஐயில் எடுத்திருக்கிறேன். விரல் ரேகையே தெரியும் போல.

பெரியம்மா: கொஞ்சம் பெரிசாக்கு மனே. இன்னும். அந்த மோதிரம்... மூன்று கல்லில் நடுக்கல் இல்லை. அது என்ட மோதிரம்! ஒரு கல்யாண வீட்டுக்கு என்று இரவல் வாங்கிப் போனவள், சூறாவளியில் வீட்டோட போயிட்டுது என்று அழுதாளே, நானும் சேர்ந்தெல்லோ அழுதேன்!

மகன்: பெரியம்மா, இந்தப் படத்திலும் தென்னைக்குத் தலை இல்லை.

பெரியம்மா: கொம்மாவிடம் அவள்ட நம்பர் இருக்கும், எடு.