"பழகிடும்ண்ணா" என்று சொல்பவர்களுக்கு ஒரு கும்பிடு

எது பழகும்? மணிக்கட்டா, கழுத்தா, முதுகெலும்பா? கிருஷ்ணகிரியில் பைக்குக்கு எதை மாட்டிவிட்டாலும் கடைப் பையன் வாயில் தயாராக இருக்கிற பதில் இந்த ஒரு "பழகிடும்ண்ணா"தான். என் மச்சானும் அதை நம்பி, 150 சிசி வண்டியில் ஒழுங்காக இருந்த ஹேண்டில்பாரைக் கழற்றிப் போட்டுவிட்டு கிளிப் ஆன் என்கிற தாழ்வான ஹேண்டிலை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். "ரேஸ் பைக் மாதிரி இருக்குல்ல மாமா?" இருக்கிறது. ஆனால் நீ தினமும் போவது ஓசூர் சிப்காட்டுக்குடா, ரேஸுக்கு இல்லை.

ஹேண்டில்பாரை ஸ்டிக்கர் மாதிரி அழகுச் சாமான் என்று நினைப்பதுதான் எனக்கு எரிச்சல். நம் உடம்பு பாரம் இடுப்பில் உட்காருமா, கையில் இறங்குமா என்று தீர்மானிப்பதே அதுதான். சாதாரண வண்டியில் அது, முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஃபோர்க் குழாய்களையும் மேலே இணைக்கிற டி ஸ்டெம்முக்கு மேலே ஒரே குழாயாக இருக்கும். நிமிர்ந்து உட்காரலாம், முழங்கை லேசாக மடங்கியிருக்கும், பள்ளத்தில் இறங்கினால் அந்த மடிப்பே பாதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கிளிப் ஆன் என்பது ஃபோர்க் குழாயையே கவ்விப் பிடிக்கிற இரண்டு தனித் துண்டு. கை கீழே போகும், நெஞ்சு முன்னால் சாயும், பாரம் உள்ளங்கைக்கு வரும். அசுர வேகத்தில் எதிர்காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடிப்பதால் ரேஸ்காரர்களுக்கு அது சரி. சீசன் நேரத்தில் மாங்காய் லாரிக்குப் பின்னால் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறவனை எந்தக் காற்று வந்து தாங்கும்?

மச்சானின் அந்த வண்டியை இரவல் வாங்கி தொப்பூர் கணவாய் இறங்கிப் பார்த்தேன். ரோடே முன்னால் சரிகிறது, பிரேக் பிடிக்கப் பிடிக்க உடம்பும் முன்னால் தள்ளுகிறது, மொத்த எடையும் இரண்டு மணிக்கட்டில் வந்து நிற்கிறது, டேங்கை முழங்காலால் இறுக்கிக்கொண்டு சமாளிக்கலாம் என்றால் பக்கத்தில் டிரெய்லர்கள் உறுமிக்கொண்டு வரும்போது எவ்வளவு நேரம்தான் இறுக்குவது, அடிவாரம் வருவதற்குள் சுண்டுவிரல் மரத்துப்போய்விட்டது. அப்புறம் யூ டர்ன் எடுக்க ஹேண்டிலை முழுசாக ஒடித்தால் கட்டைவிரல் டேங்குக்கும் பிடிக்கும் நடுவில் மாட்டி நசுங்குகிறது. கிளட்சை விடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. இதுவும் பழகிடுமாம்!

கம்பெனிக்காரன் இப்படி அரைகுறையாகச் செய்வதில்லை. 2018ல் ராயல் என்ஃபீல்டு ஒரே 650 இன்ஜினில் இரண்டு வண்டி விட்டது: இன்டர்செப்டருக்கு உயரமான ஹேண்டில்பார், கான்டினென்டல் ஜிடிக்கு கிளிப் ஆன். ஆனால் ஜிடியில் ஃபுட்ரெஸ்ட்டையும் பின்னால் தள்ளி வைத்தார்கள். கை, கால், சீட்டு மூன்றும் சேர்ந்ததுதான் உட்காரும் வாட்டம். நம் கடைகளில் கையை மட்டும் கீழே இறக்கிவிட்டு காலைப் பழைய இடத்திலேயே விட்டால், வயிறு மடிந்து இடுப்பு கழன்றுபோகாமல் என்ன செய்யும்?

இன்னொரு கோஷ்டி இதற்கு நேர் எதிர். ஹேண்டிலைத் தோளுக்கு மேலே தூக்கி வைத்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஓசூர் ஹைவேயில் போவார்கள். காற்று நெஞ்சில் அறையும், பின்னால் சாயாமல் இருக்க ஹேண்டிலையே பிடித்து இழுக்க வேண்டும், ஸ்பீட் பிரேக்கரில் காலை ஊன்றி எழவும் முடியாது, அடி நேராக முதுகுத்தண்டுக்குத்தான். சரி, அது அவர்கள் முதுகு. எனக்கு வயிற்றெரிச்சல் கேபிள் விஷயத்தில்தான். ஹேண்டிலை உயர்த்திவிட்டுப் பழைய கேபிளையே இழுத்து மாட்டுகிறார்கள். திருப்பும்போது ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு, கையை முறுக்காமலே வண்டி தானாக ரெய்ஸ் ஆகும். நடுரோட்டில் திரும்பும்போது இது நடந்தால் யார் பொறுப்பு?

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கடை வாசலிலேயே, இன்ஜின் ஓடும்போதே, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். சத்தம் ஏறுகிறதா, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, விரல் டேங்கில் இடிக்கிறதா? ஒன்று இருந்தாலும் அங்கேயே கழற்றச் சொல்லுங்கள், காசைக் கொடுப்பதற்கு முன்னால்.